எண்பது கிராம்

இடக்கைக்காரருக்கென்று செய்த துவக்கு
பதினாறு இலட்சம் என்றார்கள் கொழும்பில்.
சங்கத்தில் கணக்கெழுதுகிற எனக்கு
பதினாறு இலட்சம் என்பது
மற்றவர்களின் பேரேட்டில் வருகிற எண்.

எழுத வலக்கையைப் பழக்கிவிட்டார்கள், ஆறு வயதில்.
குறிபார்க்கிற கண்ணைப் பழக்க
ஒருவராலும் ஏலவில்லை.

சீட்டுக் காசு தொண்ணூற்றையாயிரம்.
கம்பஹாவில் ஒரு கழகம் கழித்துவிட்ட காற்றுத் துவக்கு.
குழாய் நேர். விசை நல்லது.
கட்டை மட்டும்
யாரோ ஒரு வலக்கைப் பெடியனின் தோளை
இன்னும் நினைத்துக்கொண்டிருந்தது.
கழற்றி வைத்தேன்.

நாலாம் முறை பொலிசுக்குப் போனபோது
இன்ஸ்பெக்டர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"யாழ்ப்பாணத்தில... துவக்கு... ஏன் மிஸ்?"
பத்து மீற்றர் ஐயா, கடதாசிக்கு, என்றேன்.
"கடதாசிக்கு," என்று சொல்லிச் சொல்லி எழுதினார்.
வீட்டில் அம்மா அதைச் 'சாமான்' என்றா.
அந்தக் காலத்திலும்
அப்படித்தான் சொன்னவை.

பாலை பாரம். வேம்பு வெடிக்கும்.
வள்ளம் கட்டுகிற குருநகர்ச் செபமாலை
பழைய கதவு நிலையொன்றில்
முதிரை அறுத்துத் தந்தார்.
என் படத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.
"இது துவக்கோ, மாட்டுக் கொம்போ பிள்ளை?"

கைப்பிடிக்குச் சத்தியரூபனிடம் போனேன்.
செயற்கைக் கால் செய்கிற பட்டறை.
களிக்குள் என் இடக்கையை வைத்தான்.
"இறுக்காதேங்கோ,
தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கிற மாதிரி."
பிறகு கன்னத்தையும் அச்செடுத்தான்.
சுவரோரம் வரிசையாய் நின்ற கால்களுக்கிடையில்
என் கன்னம் காய்ந்தது.
காசு வேண்டாம் என்றான்.
"ஒருத்தருக்கும் நோகாதெல்லோ?"
கடதாசிக்கு மட்டும்,
என்றேன் இரண்டாம் தரம்.

கன்னப்பலகை ஏறி இறங்க
சைக்கிள் ஆசனத்தின் கிளிப்.
தோள்தட்டுக்கு அலுமினியம்;
லேத்துக்காரன் கேதாரம் ஒரு சுரையாணிக்காக
மூன்று கிழமை "நாளைக்கு" என்றான்.
முன்பாரத்துக்கு
பாசையூரில் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு, ஐந்து.
எல்லாமாக நாற்பத்தோராயிரத்து எழுநூறு.
பேரேட்டில் எழுதியிருக்கிறேன், என்னுடையதில்.

உரும்பிராயில் ஒரு வெங்காயக் களஞ்சியம்
மூலைக்கு மூலை சரியாய்ப் பத்து மீற்றர்.
முதல் மாதம் வெங்காயத்துக்கு அழுதேனா
அட்டைக்கு அழுதேனா தெரியாது.
ஒரு மில்லிமீற்றர் உயர்த்துவேன்.
அரை இறக்குவேன்.
கழுத்து நோகும், மறுபடி உயர்த்துவேன்.
ஒரு வியாழன் பின்னேரம்
கன்னத்தைச் சாய்த்தேன்,
சாய்த்த இடத்தில் மரம் இல்லை,
கண்ணும் கறுப்பு வட்டமும்தான் இருந்தன.
டப்.
போய்ப் பார்க்கவில்லை. தெரிந்தது.

இரவு பஸ்.
"நாதஸ்வரமோ?" என்றான் கொண்டக்டர், பெட்டியைத் தட்டி.
ஓம்.
"எங்கை கச்சேரி?"
கொழும்பிலை.

பரிசோதனை மேசையில் தராசு
ஐந்து தசம் ஐந்து எட்டு காட்டியது.
ஐந்தரைக்கு மேல் விடமாட்டார்கள்.
எண்பது கிராம் கூட.
அதிகாரி கிளிப்பைத் தொட்டார், முதிரையைத் தடவினார்,
பெயர் பொறித்த இடத்தைத் தேடினார்.
"என்ன கொம்பனி?"
எதிலிருந்து தொடங்குவது?
கதவிலிருந்தா, வலையிலிருந்தா?
ஒரு குண்டைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.

முன்பாரம் குறைந்த துவக்கு
மூக்கைத் தூக்கியது.
எட்டு, ஒன்பது, மறுபடி எட்டு, எல்லாம் மேலே.
பக்கத்துப் பெண்ணின் பதினாறு இலட்சம்
அமைதியாகப் பத்துப் பத்தாய்த் தின்றது.
இரண்டு கிளிக் இறக்கினேன்.
பிறகு மூச்சை.
பிறகு நான் அங்கே இருந்தேன், அவ்வளவுதான்.

முப்பத்தோராம் இடம், நாற்பத்தெட்டுப் பேரில்.
கடைசிப் பத்துக் குண்டும்
ஒரு ரூபாய்க் குத்திக்குள் மறையும்.
அட்டையைச் சத்தியரூபனுக்குக் காட்டினேன்.
வெளிச்சத்துக்குப் பிடித்து ஓட்டையால் என்னைப் பார்த்தான்.

கழற்றிய ஈயம் இப்போது சங்கத்தில், என் மேசையில்.
மேலே மின்விசிறி முழு வேகத்தில்.
ஒரு கடதாசியும் அசைவதில்லை.